மாத்திரை தவறாமல் போட்டும் எஸ்.ஜி.பி.டி. இறங்கவில்லையே?

என் கணவருக்கு வயது 41. எட்டு வருடமாக ஹெபடைடிஸ் பி. டெனோஃபோவிர் மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை. வைரஸ் அடங்கிவிட்டது என்கிறார்கள், எஸ்.ஜி.பி.டி. மட்டும் இறங்குவதாக இல்லை. 'பி இருந்தால் டி-யும் வரும்' என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. எனக்கும் பிள்ளைகளுக்கும் தொற்றுமா?
- வாசகி, திண்டுக்கல்

அன்புச் சகோதரி,

நீங்கள் அனுப்பிய மூன்று ரிப்போர்ட்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். பி வைரஸ் மூன்றிலும் 'கண்டறியப்படவில்லை'. கல்லீரல் புண்பட்டால் ரத்தத்தில் ஏறும் நொதிதான் எஸ்.ஜி.பி.டி. அது 96, 112, 104 என்று மூன்றிலும் அதிகமாகவே இருக்கிறது. பி அடங்கிக் கிடக்கும்போது கல்லீரலை வேறு எது புண்படுத்துகிறது? இதற்குப் பதில் தெரியாமல் விடக் கூடாது.

உறவினர் சொன்னது பாதிதான் சரி. டி என்பது ஹெபடைடிஸ் டி (எச்.டி.வி.), கல்லீரலைத் தாக்கும் இன்னொரு வைரஸ். அதற்குச் சொந்தமாக மேலுறை கிடையாது. பி வைரஸின் உறையை இரவல் வாங்கித்தான் பரவும். 1977-ல் இத்தாலியில் மரியோ ரிஸெட்டோ என்ற மருத்துவர் டி-யை முதன்முதலில் கண்டபோது, பி-யின் இன்னொரு கூறு என்றே முதலில் நினைத்தார்கள். ஆகவே பி இல்லாதவருக்கு டி வராது. பி உள்ளவர்களிலும் உலக அளவில் நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான் இருக்கிறது. மங்கோலியா, மால்டோவா போன்ற நாடுகளில் அதிகம், நம் நாட்டில் குறைவு. ஆனால் ஏற்கெனவே பி உள்ளவர் உடம்பில் டி ஏறினால் பெரும்பாலும் தங்கிவிடும். சிரோசிஸும் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) சீக்கிரம் வரும்.

டெனோஃபோவிர் பி பெருகுவதைத் தடுக்கும். அந்த உறை உருவாவதை நிறுத்தாது. அதனால் டி-க்கு அது மருந்தல்ல. அதற்காக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்!

டி-க்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் 'ஆன்டி எச்.டி.வி.' ரத்தப் பரிசோதனை ஒருமுறை செய்தால் போதும். பாசிட்டிவ் வந்தால் மட்டும், வைரஸ் இப்போதும் ரத்தத்தில் இருக்கிறதா என்று காட்டும் எச்.டி.வி. ஆர்.என்.ஏ. பார்க்க வேண்டும். பி உள்ள எல்லாருக்குமே இதைச் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2024-ல் சொல்லிவிட்டது. கூடவே ஸ்கேனும் எடுங்கள். கொழுப்புக் கல்லீரலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மது, பச்சிலைப் பொடி எதுவானாலும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.

நீங்களும் பிள்ளைகளும், பி தொற்று இருக்கிறதா என்று காட்டும் எச்.பி.எஸ். ஏஜி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நெகட்டிவ் என்றால், ஏற்கெனவே போடாதவர்களுக்கு பி தடுப்பூசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதத்தில், ஆறாவது மாதத்தில். டி-யையும் தடுப்பது அதே ஊசிதான். உங்களுக்கு அது முடியும்வரை ஆணுறை அவசியம். ஒரே தட்டில் சாப்பிடலாம், பிள்ளைகளை அவர் தாராளமாகக் கொஞ்சலாம். குளியலறையில் அவருடைய ரேஸரும் நகவெட்டியும் மட்டும் தனியாக இருக்கட்டும்.

அடுத்த முறை போகும்போது நீங்களும் கூடப் போங்கள். மூன்று ரிப்போர்ட்டையும் மேசையில் வைத்து, "இவருக்கு டி பார்த்தாச்சா டாக்டர்?" என்று கேளுங்கள்.