பூட்டிய அறையும் வெண்பொடியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மிகுபுனைவுத் துப்பறியும் நாவல் ஒன்று எழுதி வருகிறேன். கற்பனை நாடொன்றில், பூட்டிய களஞ்சியத்துக்குள் வரி தண்டும் அதிகாரி இறந்து கிடக்கிறார். உடல் கல்லாக இறுகி, மேலெல்லாம் வெண்பொடி பூத்திருக்கிறது. “எதுவும் நடக்கும் உலகத்தில் துப்பறிய என்ன இருக்கிறது?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்லட்டும்?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: எதுவும் நடக்கலாம் என்றால் துப்பறிய ஒன்றுமில்லைதான். ஆனால் எவ்வளவு விசித்திரமான உயிராக இருந்தாலும், உடலுக்குள் புக ஒரு வழியும், வளர ஒரு பக்குவமும், கொல்ல ஒரு நாள் கணக்கும் அதற்கு உண்டு. அவற்றைக் கொலைக்கு முன்பே வாசகர் பார்வையில் வைத்துவிட்டால், உங்கள் ஆட்டம் நேர்மையானதாகிவிடும்.

உங்கள் ஊர்ப் பக்கத்துப் பட்டுப்புழு மனைகளில் இந்த மரணம் நிஜமாகவே நடக்கிறது. சுண்ணாம்புக்கட்டி நோய் கண்ட புழு, இறந்தபின் விறைத்து, வெள்ளை பூத்துக் கிடக்கும். ஒரு பூஞ்சையின் வித்துகள் புழுவின் தோலில் ஒட்டி முளைத்து, தோலைத் துளைத்து உள்ளே சென்று, உடலையே உணவாக்கிக்கொள்கின்றன. குளிரும் ஈரமும் கூடிய நாள்களில் இது வேகமாகப் பரவும் என்பதால்தான் அப்போது மனைகளில் சுண்ணாம்புத் தூள் தூவுகிறார்கள். இந்நோய் தானாகவே தோன்றுகிறது என்று பலரும் நம்பிய காலத்தில், இத்தாலியின் அகோஸ்டினோ பாஸி பல்லாண்டுகள் சோதித்து, நுண்ணுயிரே காரணம் என்று 1835இல் வெளியிட்டார். அதுவே ஒரு முதல்தரமான துப்பறியும் கதை.

இதிலிருந்து உங்கள் துப்பறிவாளருக்குக் கிடைப்பவற்றைப் பாருங்கள். புழு இறந்த பிறகே வெண்பொடி பூக்கிறது; அந்தப் பொடிதான் அடுத்த உயிருக்கு நோயைக் கொண்டுபோகிறது. உங்கள் நாட்டிலும் அதே விதி என்றால், அதிகாரியைக் கொன்ற பொடி இன்னொரு பிணத்தின் மேல் பூத்ததாகத்தான் இருக்க வேண்டும், அந்தப் பிணத்தை யாரோ மறைத்திருக்கிறார்கள். நோய் தொற்றிச் சில நாள் கழித்தே சாவு வரும் என்பதால், கதவு பூட்டியிருந்ததும் இறந்த இரவில் யார் எங்கே இருந்தார்கள் என்பதும் பயனற்றுப் போகின்றன. முந்தைய ஈர நாள்களில் அவரைத் தொட்டவர் யார், அவர் உடுத்திய துணி யார் கையால் வந்தது என்றே விசாரணை திரும்ப வேண்டும். பொடியைத் தன் கையோடு கொண்டுவந்தவர் அதை அறியாதவராகவும் இருக்கலாம். நாவலின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: இத்தகைய நாவலில் உயிரியல் விளக்கம் எவ்வளவு இருக்கலாம்?
- வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: பாத்திரம் தன் வேலையைச் செய்யும்போது தெரியவரும் அளவுக்கு இருந்தால் போதும். ஊசி ஈ பட்டுப்புழுவின் மேல் முட்டையிடுகிறது. பொரிந்து வரும் குட்டிப்புழு உடலுக்குள் நுழைந்த இடத்தில் ஒரு கரும்புள்ளி நிற்கும். அனுபவப்பட்ட விவசாயி தழை போடும்போதே அந்தப் புள்ளியைக் கண்டு, அந்தப் புழுவைத் தனியே எடுத்துவிடுவார். இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு வேலையாள் இப்படி ஒன்றைப் பொறுக்கி எறிவதை ஒரே வரியில் எழுதுங்கள். இருபதாம் அத்தியாயத்தில் அமைச்சரின் பிடரியில் அதே புள்ளி தெரியும்போது, வாசகருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்காது.