கார்னகியின் இரண்டு நிமிடம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். இரண்டு மாதம் முன்பு சூப்பர்வைசர் ஆக்கினார்கள். திங்கள்கிழமை காலையில் நாற்பது பேர் முன்னால் நின்று பேச வேண்டும். தொண்டை அடைத்துக்கொள்கிறது. மேடையில் பேசவும் ஆட்களோடு பழகவும் வகுப்பு எடுத்த அமெரிக்கர் டேல் கார்னகியின் ‘ஹவ் டு வின் ஃப்ரெண்ட்ஸ்’ புத்தகத்தை நண்பர் ஒருவர் கொடுத்தார். இரண்டு முறை படித்துவிட்டேன். படிக்கும்போது தெம்பாக இருக்கிறது, மறுநாள் பழைய கதைதான். இன்னொரு நண்பர் சிரிக்கிறார். இரும்புக் கோடீசுவரர் கார்னகியின் பெயரைத் திருடி வைத்துக்கொண்ட ஆள், அடுத்தவனுக்குப் புத்தி சொல்லியே பணம் பண்ணினார், கடைசியில் தற்கொலை செய்துகொண்டார் என்கிறார். வாட்ஸப்பிலும் அப்படி ஒரு செய்தி வந்தது. உண்மையா? உண்மை என்றால் இந்தப் புத்தகத்தை நான் ஏன் படிக்க வேண்டும்?

க.

அன்புள்ள க.,

வாட்ஸப் செய்தி பொய். கார்னகி ஹாட்ஜ்கின் என்ற நிணநீர்ப் புற்றுநோயால் 1955 நவம்பர் 1 அன்று நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸ் பகுதியில் தன் வீட்டில் இறந்தார். வயது 66. கவலையை விடுவது எப்படி என்று புத்தகம் எழுதியவரே தற்கொலை செய்துகொண்டார் என்றால் கேட்கச் சுவையாக இருக்கிறது. அதனால்தான் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பெயர் விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்துகள் வேறு (Carnagey), அழுத்தம் நடு அசையில் விழும். 1915-ல் பெர்க் எசன்வைனோடு சேர்ந்து எழுதிய மேடைப்பேச்சுப் புத்தகத்தின் முகப்பில் அந்தப் பழைய எழுத்துகளே இருக்கின்றன. பிறகுதான் எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி எழுதிய மாதிரி (Carnegie) மாற்றிக்கொண்டார். இருவருக்கும் உறவு கிடையாது. 1916-ல் நியூயார்க்கின் கார்னகி ஹாலை வாடகைக்கு எடுத்து அரங்கு நிறையப் பேசிய மனிதருக்கு அந்தப் பெயரின் மவுசு தெரியாமல் இருந்திருக்காது. விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர், கொஞ்ச நாள் நாடக நடிகராகவும் இருந்தவர். மேடைக்குத் தோதான பெயரை வைத்துக்கொண்டார். திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. (ஆண்ட்ரூ கார்னகியை நேரில் சந்தித்து வெற்றி ரகசியத்தைக் கேட்டறிந்ததாகச் சொன்னவர் வேறொருவர், நெப்போலியன் ஹில். அந்தச் சந்திப்பு நடந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்கிறார் ஆண்ட்ரூ கார்னகியின் வாழ்க்கையை எழுதிய டேவிட் நாசா. நம்மூர் மேடைகளில் இந்த மூவரையும் ஒரே ஆளாக்கிப் பேசிவிடுவார்கள்.)

அடுத்தவனுக்குப் புத்தி சொல்லியே பணம் பண்ணினார் என்பதற்கு மட்டும் நீண்ட பதில் தேவை. உங்கள் சிக்கலுக்கு விடையும் அதற்குள்ளேதான் இருக்கிறது.

கார்னகி பிறந்தது 1888 நவம்பர் 24, மிசௌரி மாநிலத்தின் மேரிவில் பக்கத்தில் ஒரு பண்ணையில். ஆற்று வெள்ளம் விளைச்சலை அடித்துப்போகும், தப்பிய வருடத்தில் பன்றிகளுக்குக் காலரா வரும். வாரன்ஸ்பர்க்கில் ஆசிரியர் கல்லூரியில் படித்தபோது விடுதியில் தங்க நாளுக்கு ஒரு டாலர் இல்லாமல் வீட்டிலிருந்து குதிரையில் போய்வந்தார். அங்கே மதிப்பு இரண்டே வகையினருக்குத்தான்: விளையாட்டுக்காரர்கள், பேச்சுப் போட்டியில் ஜெயிப்பவர்கள். இவர் பேச்சுப் போட்டிகளில் வரிசையாகத் தோற்றார், பிறகு வரிசையாக ஜெயித்தார். அப்புறம் தபால்வழிப் பாடம் விற்றார். ஆர்மர் என்ற இறைச்சிக் கம்பெனிக்காகப் பன்றி இறைச்சி, சோப்பு, கொழுப்பு விற்று, தன் பகுதியை அந்தக் கம்பெனியின் விற்பனையில் முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். 1911-ல் 500 டாலர் சேமிப்போடு நியூயார்க் போய் நடிப்புப் பள்ளியில் சேர்ந்து, ஒரு நாடகக் குழுவோடு சுற்றிவிட்டுத் திரும்பி, பிடிக்காத வேலையாக லாரி விற்றார்.

1912-ல் நியூயார்க்கின் 125-ஆம் தெருவில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தில் மேடைப்பேச்சுக்கு இரவு வகுப்பு எடுக்கக் கேட்டார். ஒரு இரவுக்கு 2 டாலர் சம்பளம் கேட்டதற்கு நிர்வாகம் மறுத்துவிட்டது. கடைசியில் பேசி முடித்தது, நிகர வரவில் 80 சதவீதம் அவருக்கு என்று. இந்தப் பேரம்தான் கார்னகியை உருவாக்கியது என்று நான் நினைக்கிறேன். வகுப்புக்கு வந்தவர்கள் பகலில் விற்பனை, அலுவலகம் என்று ஓடிக் களைத்த பெரியவர்கள். பட்டம் வாங்க வந்தவர்கள் அல்ல. தவணையில்தான் பணம் கட்டினார்கள். பயன் தெரியாவிட்டால் அடுத்த தவணை வராது, வாத்தியாருக்குச் சாப்பாடும் இருக்காது. சம்பளம் கிடைத்திருந்தால் கல்லூரியில் கற்ற சொல்லணி, குரல் ஏற்ற இறக்கம், கையசைவு எல்லாவற்றையும் வருடக்கணக்கில் பாடமாக நடத்திக்கொண்டிருப்பார். பங்குக்கு வேலை செய்ததால், முதல் வாரத்திலேயே பலன் தெரியாத எதையும் தூக்கி எறிய வேண்டியிருந்தது.

முதல் வகுப்பிலேயே கைவசம் இருந்த விஷயம் தீர்ந்துபோனது. நேரத்தைக் கடத்த, வந்தவர்களை எழுந்து பேசச் சொன்னார்: உங்களுக்குக் கோபம் வந்த ஒன்றைப் பற்றிச் சொல்லுங்கள். பயந்துகொண்டிருந்த ஆட்கள் பயத்தை மறந்து பேசினார்கள். காரணம் எளிது. கோபத்தில் கவனம் விஷயத்தின் மேல் போய்விடுகிறது, தன் மேல் இருப்பதில்லை. ‘என்னை எப்படிப் பார்க்கிறார்கள்’ என்ற நினைப்புதான் தொண்டையை அடைப்பது. பாடம் கேட்பது குறைந்து எழுந்து பேசுவது கூடியது இப்படித்தான். இரண்டு நிமிடப் பேச்சு என்ற அளவும் கணக்கிலிருந்து வருவதுதான்: நாற்பது பேர் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசினால் எண்பது நிமிடம். ஒரே மாலையில் எல்லோரும் எழுந்து நின்றாக வேண்டும், ஒருவரும் உட்கார்ந்தே தப்பிக்கக் கூடாது. இரண்டு வருடத்தில், 1914-ல், வாரம் 500 டாலர் சம்பாதித்தார்.

பேச்சுக் கற்றவர்களுக்கு அடுத்த குறை, ஆட்களோடு பழகத் தெரியவில்லை என்பது. அதற்காகச் சில விதிகளை அச்சடித்துக் கொடுத்தார். முதலில் ஒரு தபால் அட்டை அளவு. அடுத்த பருவத்தில் பெரிய அட்டை, பிறகு துண்டுப் பிரசுரம், பிறகு சிறு புத்தகங்கள். மாணவர்கள் வீட்டிலும் கடையிலும் அந்த விதிகளைச் செய்து பார்த்து வகுப்பில் வந்து நடந்ததைச் சொல்ல வேண்டும். இப்படிப் பதினைந்து வருடம். 1934-ல் நியூயார்க் பக்கத்து ஊரான லார்ச்மாண்ட்டில் நடந்த வகுப்பில் சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகத்தின் லியோன் ஷிம்கின் வந்து சேர்ந்தார். இதைப் புத்தகமாக்கலாம் என்றார். கார்னகிக்கு இஷ்டமில்லை. சுருக்கெழுத்தாளரை உட்கார வைத்துப் பேச்சைக் குறித்துக்கொள்ளலாம், நீங்கள் திருத்தினால் போதும் என்று ஷிம்கின் சம்மதிக்க வைத்தார். அதுதான் 1936-ல் வந்த ‘ஹவ் டு வின் ஃப்ரெண்ட்ஸ் அண்ட் இன்ஃப்ளுயென்ஸ் பீப்பிள்’ (நண்பர்களைப் பெறுவதும் மனிதர்களை நம் பக்கம் ஈர்ப்பதும் எப்படி). வெளிவந்ததும் 500 பிரதிகளை வகுப்பின் பழைய மாணவர்களுக்கு அனுப்பினார்கள், கற்றதை ஞாபகப்படுத்திக்கொள்ள உதவும் என்ற குறிப்போடு.

இந்தக் குறிப்பைக் கவனியுங்கள். உங்கள் கையில் இருப்பது வகுப்பின் நோட்டுப் புத்தகம். வகுப்புக்குப் போகாமல் நோட்டை மட்டும் இரண்டு முறை படித்திருக்கிறீர்கள். படிக்கும்போது தெம்பு வருவதும் மறுநாள் காணாமல் போவதும் அதனால்தான். முதலீட்டாளர் வாரன் பஃபெட் இருபது வயதுகளில் 100 டாலர் கட்டி இந்த வகுப்பில் சேர்ந்தார். பொது இடத்தில் பேசுவதென்றால் அவருக்கு உடம்பு நடுங்கும். வகுப்பு முடிந்ததும், கற்றது மறந்துவிடக் கூடாது என்று ஒமாஹா பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கப் போனார். அலுவலகச் சுவரில் அவர் மாட்டியிருப்பது அந்த வகுப்பின் சான்றிதழை.

திங்கள்கிழமைக்கு வருவோம். கார்னகி முறையில் சிறு பேச்சுக்கு மூன்று பகுதி: நடந்தது ஒன்று, செய்ய வேண்டியது ஒன்று, அதனால் வரும் லாபம் ஒன்று. மூன்றும் சம அளவு இல்லை. இரண்டு நிமிடத்தில் ஒன்றே முக்கால் நிமிடம் நடந்ததற்கே போக வேண்டும். மற்ற இரண்டும் ஒவ்வொரு வாக்கியம். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். ‘தரம் முக்கியம், ஒழுங்கு முக்கியம்’ என்று ஒன்றரை நிமிடம் அறிவுரை, கடைசியில் நேரமில்லாமல் ஒரு உதாரணம். நிற்பவர்கள் அறிவுரை தொடங்கியதுமே காதை மூடிக்கொள்வார்கள்.

உங்கள் இடத்திலேயே சொல்கிறேன். ‘போன செவ்வாய் சாயங்காலம் நாலு மணிக்கு, மூணாவது லைன்ல வேற வேற லாட் துணி ரெண்டு பண்டில் கலந்துடுச்சு’ என்று நேராக ஆரம்பியுங்கள். வணக்கம் போதும். ‘எனக்குப் பேச வராது, தப்பா நெனைக்காதீங்க’ என்ற முன்னுரை வேண்டாம். அது நாற்பது பேரையும் உங்கள் பதற்றத்தைப் பார்க்கச் சொல்லி அழைக்கிற வேலை. எந்த மெஷினில், எத்தனை பீஸ், செக்கிங்கில் ஷேடு, அதாவது சாய நிறத்தின், வித்தியாசம் எப்போது தெரிந்தது, பிரித்துத் தைக்க எத்தனை பேர் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள். யார் தவறு என்று பெயர் சொல்லக் கூடாது. கோபம் கலப்பின் மேல் இருக்கட்டும், கலந்தவர் மேல் வேண்டாம். பிறகு செய்ய வேண்டியது: ‘பண்டிலை அவிழ்க்கறதுக்கு முன்னாடி டிக்கெட்ல லாட் நம்பரைப் பாருங்க.’ லாபம்: ‘பிரிச்சுத் தைக்கற வேலை மிச்சம்.’ அவ்வளவுதான், நகர்ந்துவிடுங்கள்.

எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு சொல் மறந்தால் அடுத்ததும் வராது, நடுவில் நின்றுவிடுவீர்கள். நடந்ததை வரிசை மறக்காமல் தெரிந்துவைத்துக்கொண்டால் சொல் தானாக வரும், ஏனென்றால் அதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மனதில் வைக்க வேண்டியது முதல் வாக்கியமும் கடைசி இரண்டு வாக்கியமும் மட்டும். சனிக்கிழமை டீ நேரத்தில் மூன்று பேரிடம் இதே விஷயத்தை அரட்டை போலச் சொல்லிப் பாருங்கள், போனில் நேரம் பாருங்கள். கண்ணாடி முன் நின்று பழகுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது திரும்பவும் உங்களையே பார்க்க வைக்கும்.

புத்தகத்தின் மற்ற விதிகளில் இரண்டு நம்மிடம் தவறாகப் போகின்றன. ஒன்று பாராட்டு. ‘நல்லா வேலை செய்யறீங்க, ஆனா...’ என்றால் ‘ஆனா’வுக்கு முன்னால் சொன்னது எல்லாம் லஞ்சமாகிவிடும். பாராட்டைத் தனியாக, குறிப்பாகச் சொல்லுங்கள்: ‘நேத்து ஓவர்லாக்ல நூல் அறுந்தப்ப நீங்களே பார்த்து நிறுத்தினீங்க.’ திருத்தத்தை வேறொரு நேரத்தில் சொல்லுங்கள். புன்னகையும் அக்கறையும் காட்டச் சொல்வது ஆளிடமிருந்து கறப்பதற்குத்தான் என்று நாவலாசிரியர் சின்க்ளேர் லூயிஸ் அந்தக் காலத்திலேயே கிண்டல் செய்தார். கிண்டலில் நியாயம் உண்டு. கொலைக் கும்பல் தலைவன் சார்லஸ் மேன்சனும் சிறையில் இந்தப் பயிற்சியில் சேர்ந்தவன்தான்.

இன்னொன்று பெயர். ஒருவருக்கு அவர் பெயரை விட இனிமையான ஒலி இல்லை என்பார் கார்னகி. நம் கம்பெனியில் மூத்த டெய்லரை வாய் நிறையப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அன்றைக்கு வேலை நடக்காது. அண்ணனும் அக்காவும் வேண்டும். ஆனால் விதியின் உள்ளே இருப்பது பெயரைத் தவறில்லாமல் ஞாபகம் வைப்பது. அதற்கு மூன்றாம் நெப்போலியன் செய்ததாக அவர் சொல்லும் வழி நடைமுறைக்கு உகந்தது: காதில் சரியாக விழவில்லை என்றால் அப்போதே திரும்பக் கேள், பேச்சில் இரண்டு மூன்று முறை பயன்படுத்து, தனியானதும் ஒரு தாளில் எழுதி உற்றுப் பார், கிழித்துப் போடு. ஓவர்டைம் பட்டியலில் இனிஷியலைத் தப்பாக எழுதாதீர்கள். அதன் மதிப்பு கார்னகிக்குக்கூடத் தெரிந்திருக்காது.

அவர் சொன்னபடி வாழ்ந்தாரா என்றும் உங்கள் நண்பர் அடுத்துக் கேட்பார். முழுக்க இல்லை. முதல் திருமணம் 1931-ல் விவாகரத்தில் முடிந்தது. ஐந்து வருடம் கழித்து வந்த புத்தகத்தில் இல்லற மகிழ்ச்சிக்கு ஏழு விதி தனிப் பகுதியாக இருந்தது. 1981-ல் வந்த திருத்திய பதிப்பில் அது இல்லை. நாவலாசிரியர் ஆகவும் ஆசைப்பட்டு ஒன்று எழுதினார், விலை போகவில்லை. நாவல் தோற்றதை அவர் ஒளிக்கவுமில்லை. தான் செய்த முட்டாள்தனங்களைத் தேதி போட்டு எழுதிவைக்கத் தனியாக ஒரு கோப்பு வைத்திருந்தார். வெளியே சொல்ல முடியாத விஷயங்களைச் செயலாளரிடம் சொல்லாமல் தானே எழுதிக்கொள்வார்.

நீங்களும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திங்கள் பேசி முடித்ததும் மூன்று வரி போதும்: எத்தனை நிமிடம் ஆனது, எங்கே நின்றது, முடிந்ததும் யாராவது வந்து என்ன கேட்டார்கள். மூன்றாவது வரி காலியாகவே இருந்தால், நடந்ததைச் சொல்லாமல் அறிவுரை சொல்லியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.