குவாண்டனாமோ கைதிகளால் ஏன் ஆட்கொணர்வு மனு போட முடியவில்லை?

வழக்கே போடாமல் வெளிநாட்டுக்காரர்களை அமெரிக்கா தன் குவாண்டனாமோ ராணுவ முகாமில் வருடக்கணக்கில் எப்படி வைத்திருந்தது, பிடித்து வைத்தவனைக் கோர்ட்டில் நிறுத்திக் காரணம் சொல்லச் சொல்கிற ஆட்கொணர்வு மனு என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வக்கீல் இல்லை, சேலம் அஸ்தம்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆனால் விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கிற குண்டாஸ் சட்டத்தின் கட்டுகள் நிறைய என் கை வழியாகப் போயிருக்கின்றன.

போன வருடம் ஒரு அம்மா மஞ்சப்பையிலிருந்து கல்யாண ஆல்பம் கனத்துக்கு ஒரு கட்டை எடுத்து வைத்து, "மூணு செட்டு போட்டுக் குடு கண்ணு" என்றார். மகன் மேல் குண்டாஸ். காரணங்களை ஐந்து நாளுக்குள் உள்ளே இருப்பவன் கையில் கொடுத்தாக வேண்டும், அதுவும் அவனுக்குப் புரிகிற மொழியில். அந்தக் கட்டில் ஒரு பக்கம் மசி அப்பிப் படிக்கவே முடியவில்லை. வக்கீல் அதைத்தான் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். சென்னை உயர்நீதிமன்றத்தில் அந்த ஒரு பக்கத்தாலேயே உத்தரவு ரத்தானது.

குவாண்டனாமோவில் அந்தக் கட்டே கிடையாது. 2002 ஜனவரி 11 அன்று முதல் இருபது பேர் வந்தார்கள், மொத்தம் 780 பேர் வரை. அந்த இடத்தைப் பிடித்ததிலேயே சூட்சுமம் இருக்கிறது: அது 1903-லிருந்து குத்தகைக்கு எடுத்த கியூபா மண், அமெரிக்க மண் இல்லை, அதனால் அங்கிருக்கும் வெளிநாட்டுக்காரன் எங்கள் கோர்ட்டுக்கு வர முடியாது என்று அமெரிக்க அரசு வாதாடியது. 2004-ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் வரலாம் என்றது, அப்புறம் அந்த நாட்டு நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் கதவைச் சாத்தியது, கடைசியில் 2008 ஜூனில் அதே உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நாலு நீதிபதிகள் என்ற கணக்கில் மறுபடி திறந்தது.

அந்த வழக்கின் பெயரே பூமெடியன், அல்ஜீரியாக்காரர். போஸ்னியாவில் பிடித்தார்கள், அமெரிக்கத் தூதரகத்துக்குக் குண்டு வைக்கப் பார்த்தார் என்று. ஆதாரம் இல்லை, விடுங்கள் என்று அங்குள்ள உச்சநீதிமன்றமே சொன்னது. விட்ட கையோடு அமெரிக்கர்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள்! மனு ஒருவழியாக விசாரணைக்கு வந்தபோது தூதரகக் கதையை அமெரிக்க அரசே கைவிட்டிருந்தது. 2009 மே மாதம் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார், ஏழு வருடம் கழித்து.

எல்லோரும் அப்பாவிகள் என்று சொல்லவரவில்லை. செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்டதாகச் சொல்லப்படும் காலித் ஷேக் முகமதுவும் அங்கேதான், 2003-ல் பிடிபட்டவர், இருபது வருடம் தாண்டியும் முழு விசாரணை ஆரம்பிக்கவே இல்லை.

அப்புறம் ஒன்று. 2008 தீர்ப்பு எல்லா முகாமுக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா வைத்திருந்த பக்ராம் முகாமில் இருந்தவர்கள் இதே மனுவோடு வந்தார்கள், அது போர் நடக்கிற இடம், இங்கே வராதே என்று 2010-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் திருப்பி அனுப்பிவிட்டது.