பீச்–தாம்பரம் மீட்டர் கேஜ் யூனிட்: கேளுங்க, சொல்றேன்

கேள்வி: சார், சென்னை பீச்–தாம்பரம் நடுவுல ஓடின இந்த மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) மின்சார ரயில் எப்போ ஆரம்பிச்சு எப்போ நின்னுச்சு?

பதில்: 1931 மே மாசம் ஆரம்பம், அப்போ 1,500 வோல்ட் டிசி கரண்ட். அறுபதுகள்ல லைனை 25,000 வோல்ட் ஏசி கரண்ட்டுக்கு மாத்தினாங்க, பழைய டிசி வண்டிங்க போய் பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டி தொழிற்சாலையில கட்டின யூனிட்டுங்க, அதாவது மின்சார ரயிலுங்க வந்துச்சு. நாமல்லாம் தொங்கிட்டு போனது அதுலதான். 2004 ஜூலையில நிறுத்திட்டாங்க.

கேள்வி: அண்ணா, ஓடுற வண்டிய வேற ஊருக்காவது குடுத்திருக்கலாமே? இல்லன்னா சக்கரத்த மாத்தி இப்போ இருக்கிற அகலமான பிராட் கேஜ் தண்டவாளத்துல ஓட்டியிருக்கலாமே?

பதில்: எங்க குடுக்கறது தம்பி? இந்தியாவுலயே கரண்ட்ல ஓடின மீட்டர் கேஜ் லைன் நம்ம பீச்–தாம்பரமும் அதுக்கு அந்தாண்ட விழுப்புரம் வரைக்கும்தான், அதையும் பிராட் கேஜாக்கிட்டாங்க, அப்புறம் நாட்டுல எந்த மீட்டர் கேஜ் தண்டவாளத்துக்கும் மேல கரண்ட் கம்பி கிடையாது. சக்கரம் மாத்தறதும் நடக்காத காரியம், பெட்டி அகலமே சுமார் 9 அடி, பிராட் கேஜ் லோக்கல் 12 அடி. அத கொண்டுவந்து நிறுத்தினா பிளாட்பாரத்துக்கும் வாசப்படிக்கும் நடுவுல ஒன்றரை அடி பள்ளம், மாம்பலத்துல கூட்டம் இறங்குற வேகத்துக்கு பாதிப்பேர் கீழதான் இருப்பாங்க. இதுங்க பழசாகி செத்ததுன்னு யாராவது சொன்னா எனக்கு கோவம் வரும், தண்டவாளம் போச்சு, வண்டியும் போச்சு, அவ்ளோதான்.

கேள்வி: பாதி வழியில திடீர்னு ஃபேன் நின்னு லைட் மங்குமே, பவர் கட்டா?

பதில்: இல்லங்க. ரெண்டு சப்ஸ்டேஷன் கரண்ட் ஒண்ணோட ஒண்ணு சேரக்கூடாதுன்னு நடுவுல கொஞ்ச தூரம் கம்பில கரண்டே இருக்காது, நியூட்ரல் செக்ஷன்னு பேரு. டிரைவர் முன்னாடியே பவர ஆஃப் பண்ணிட்டு இருக்கிற வேகத்துலயே உருட்டிட்டு போவார். பிராட் கேஜ்லயும் இதே கததான்.

கேள்வி: டிரைவர் மயங்கிட்டா?

பதில்: ஹேண்டில அமுக்கிட்டேதான் ஓட்டணும், கை எடுத்தா பிரேக் தானா விழும்.

கேள்வி: கிளம்பறப்போ டிங் டிங்னு கேக்குமே, அது என்ன?

பதில்: பின்னாடிலேர்ந்து கார்டு அடிக்கிற பெல். ரெண்டு அடிச்சா கிளம்பு, ஒண்ணு அடிச்சா நில்லு. ரெண்டாவது டிங் கேட்டதும்தான் பல்லாவரத்துல படிக்கட்டுலேர்ந்து நாங்க ஓட ஆரம்பிப்போம்.