கார் இடிபட்டால் செலவு யார் தலையில்? (கேள்வி பதில்)

வாகன சேத மதிப்பீட்டில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டெல்டா ஊர்களிலிருந்து கேட்டவர்களுக்குப் பதில்கள் இவை.

பாபநாசம்: சார், ஓரமாக நிறுத்தியிருந்த என் கார் மேல் பின்னால் வந்த கார் இடித்துவிட்டது. தப்பு முழுக்க அவர் மேல். அவர் இன்சூரன்ஸ்தானே செலவைத் தர வேண்டும்?

சட்டப்படி கேட்கலாம். ஆனால் மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு அவர் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டும். ஒரு பம்பருக்காக யார் வாய்தா வாய்தாவாக அலைவது? அதனால் பெரும்பாலும் அவரவர் பாலிசியில்தான் கிளைம் போடுகிறார்கள். அங்கே யார் தப்பு என்று பெரிதாகக் கேட்க மாட்டார்கள். ஆனால் ஃபுல் இன்சூரன்ஸ் இருக்க வேண்டும், தேர்டு பார்ட்டி (நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் இழப்புக்கான பாலிசி) மட்டும் என்றால் உங்கள் காருக்கு ஒரு பைசா வராது. கிளைம் போட்டால் நோ கிளைம் போனஸும், அதாவது கிளைம் போடாமல் இருந்ததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியும், போகும். தப்பே செய்யாதவருக்கும் இதுதான். எனக்கு நியாயமாகப் படவில்லை, ஆனால் நிலவரம் அப்படி.

மன்னார்குடி: ஒர்க் ஷாப் பில் 40,000. கம்பெனி 27,750 மட்டும் தந்தது. ஏமாற்றுகிறார்களா அண்ணே? கார் வாங்கி நாலரை வருஷம், 1200 சிசி.

நீங்கள் அனுப்பிய பில்லைப் பார்த்தேன், கணக்கு சரிதான் தம்பி. பிளாஸ்டிக் பம்பர் 12,000. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதி கழிப்பார்கள், அதில் 6,000 போச்சு. கதவு 15,000. இரும்புப் பாகத்துக்கு வண்டியின் வயதை வைத்துக் கழிவு. நாலு வருஷம் தாண்டிய வண்டிக்கு 35 சதவீதம், ஆக 5,250. கண்ணாடி 6,000, அதற்குக் கழிவே கிடையாது. கூலி 7,000 முழுசாக வந்திருக்கிறது. 1500 சிசி வரையுள்ள காருக்கு நாமே ஏற்க வேண்டிய தொகை 1,000. மொத்தம் 12,250 கழிந்தது. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் தரும் கூடுதல் வசதி) சேர்த்திருந்தால் அந்த 1,000 தவிர ஏறக்குறைய எல்லாம் வந்திருக்கும். இன்னொன்று, போனஸ் 50 சதவீதத்தில் இருப்பவர்கள் சின்னக் கீறலுக்கெல்லாம் கிளைம் போடாதீர்கள்; கைக்காசு போட்டுச் சரிசெய்வதே லாபம்.

திருவாரூர்: ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தார்கள். எதிரே வந்த பைக் அதில் சறுக்கி என் கார் மேல் மோதியது. அவருக்குக் கால் முறிவு. இப்போது என் மேல் கேஸ்.

தப்பு யாருடையது என்பது நிஜமாகவே முக்கியமாவது இங்கேதான். தீர்ப்பாயம் இருவர் தப்பையும் எடை போடும். அவர் பங்கு 40 சதவீதம் என்றால் இழப்பீட்டில் அது குறையும். மிச்சத்தை உங்கள் தேர்டு பார்ட்டி பாலிசி தரும். காயத்துக்கும் சாவுக்கும் உச்சவரம்பு கிடையாது. பொருள் சேதத்துக்கு மட்டும் 7.5 லட்சம் வரை. யார் தப்பு என்று பார்க்காமலே கேட்கிற வழியும் உண்டு: மோட்டார் வாகனச் சட்டம் 164-ஆம் பிரிவில் உயிர் போனால் 5 லட்சம், படுகாயத்துக்கு 2.5 லட்சம். நெல் போட்டவர் மேலும் தப்பு சொல்லலாம்தான், ஆனால் அவர் களத்துக்கு ஏது இன்சூரன்ஸ்! நீங்கள் உடனே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்து "இவ்வளவு தருகிறேன்" என்று கையெழுத்துப் போடாதீர்கள்.

மயிலாடுதுறை: லைசென்ஸ் இல்லாத மைத்துனர் என் காரை ஓட்டி ஒருவரை இடித்துவிட்டார்.

காயம்பட்டவருக்குக் கம்பெனியே முதலில் கட்டும்படி பெரும்பாலும் உத்தரவு வரும். அப்புறம் அந்தப் பணத்தை உங்களிடம் வசூலிப்பார்கள். மைத்துனரிடம் அல்ல, சாவியைக் கொடுத்த உங்களிடம். உங்கள் கார் சேதத்துக்கும் கிடைக்காது.

திருத்துறைப்பூண்டி: நடவு ஆட்களை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிப் போகிறோம். கவிழ்ந்தால் பாலிசி தருமா?

டிராக்டரில் இடம் டிரைவருக்கு மட்டும்தான். டிரெய்லரில் உட்கார்ந்து போனவர்களுக்குத் தர முடியாது என்றுதான் கம்பெனி வாதாடும், பெரும்பாலும் ஜெயிக்கவும் செய்யும். அப்போது செலவு டிராக்டர்காரர் தலையில், நிலம் விற்றுக் கட்டும் அளவுக்குப் போகலாம். சம்பா நடவுக்கு ஆள் கூட்டும்போது ஒரு வேனுக்குச் சொல்லிவிடுங்கள்.