சென்னையில திடீர்னு இப்படி குளிருதே, வீட்ல வயசான அம்மாவ வச்சுக்கிட்டு எப்படி சமாளிக்கிறது? ரூம் ஹீட்டர் வாங்கலாமா?

ஹீட்டர் வேணாங்க. அந்தக் காசுக்கு ஒரு நல்ல கம்பளி, ரெண்டு ஜோடி சாக்ஸ், ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், வீட்லயே சுகர் பாக்குற மெஷின் ஒண்ணு, இதை வாங்குங்க. குளிருக்கும் சுகர் மெஷினுக்கும் என்ன சம்பந்தம்னு தோணும், எனக்கும் 2022 டிசம்பர் வரைக்கும் தெரியாது.

அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன். இந்த மாதிரி கேள்விக்கு எங்கிருந்தாவது ஒருத்தர் வந்து "20 டிகிரி எல்லாம் ஒரு குளிரா, டெல்லிக்கு வந்து பாருங்க"ன்னு சிரிச்சிட்டுப் போவார். என் மச்சானே அப்படித்தான், பெங்களூர்ல 6 வருஷம் இருந்துட்டு வந்து சிம்லாவுல பொறந்தவன் மாதிரி பேசுவான். சார், நுங்கம்பாக்கத்துல இதுவரைக்கும் பதிவான குறைஞ்சபட்சமே 13.9 டிகிரி, அதுவும் 1895-லயும் 1905-லயும். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதனால இந்த ஊர்ல வீடு கட்டின எவனும் குளிரை மனசுல வச்சு கட்டவே இல்ல. கதவுக்கு மேல மூடவே முடியாத வென்டிலேட்டர், பாத்ரூம் ஜன்னல்ல சாய்வா அடுக்கின கண்ணாடி, கால் வச்சா ஜில்லுனு இழுக்குற டைல்ஸ். எல்லாமே சூட்டை வெளிய அனுப்பத்தான். ஏப்ரல் மே மாசம் அது வரம், டிசம்பர்ல நாலு நாள் அதுவே நம்ம எதிரி. டெல்லிக்காரன் வீட்ல ரஜாய்னு பஞ்சு வச்சுத் தச்ச போர்வை இருக்கு, நம்ம வீட்ல என்ன இருக்கு, கல்யாணத்துல வந்த ஒரு சோலாப்பூர் போர்வை, அதுவும் பரண் மேல.

சரி விஷயத்துக்கு வரேன். மாண்டஸ் புயல் ஞாபகம் இருக்கா, 2022 டிசம்பர் 9 வெள்ளிக்கிழமை ராத்திரி மாமல்லபுரம் பக்கத்துல கரை கடந்துச்சே அது. அதுக்கு மொத நாளே, வியாழக்கிழமை, ஊரே ஒரு மாதிரி ஆயிடுச்சு. வெயிலே இல்ல, வடக்கேருந்து காத்து, மதியம் 2 மணிக்கும் விடியக்காலை மாதிரியே இருந்துச்சு. கார்த்திகை தீபம் முடிஞ்சு ரெண்டு நாள், ஜன்னல் திட்டுல அகல் விளக்கெல்லாம் இன்னும் எடுக்கல.

அப்பாவுக்கு அப்போ 71. பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்ல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். சபரிமலைக்கு அது 17-வது வருஷம், அதனால மாலை போட்டிருந்தார். அவர் விரதம்னா விரதம்தான். விடியக்காலை 4 மணிக்கு பச்சத்தண்ணியில தலைக்குக் குளியல், சாயங்காலம் மறுபடியும், செருப்பு கிடையாது, கட்டில் கிடையாது, தலகாணி கிடையாது, வெறும் தரையில கோரைப்பாய். மதியம் ஒரு வேளை சாப்பாடு, ராத்திரி ரெண்டு வாழைப்பழம், சில நாள் அதுவும் இல்ல. ஆனா சுகர் மாத்திரை மட்டும் வழக்கம் போல ரெண்டு வேளையும். இதை எழுதும்போதே எனக்கு அசிங்கமாத்தான் இருக்கு, வீட்ல நாலு பேர் இருந்தும் ஒருத்தருக்கும் அந்தக் கணக்கு தோணல. நான் சாமியையோ விரதத்தையோ குறை சொல்லல, யாரும் சண்டைக்கு வராதீங்க, நானும் 5 வருஷம் போனவன்தான்.

மாலை போட்டவங்க எல்லாரையும் சாமின்னுதான் கூப்பிடுவாங்க தெரியும்ல. எங்கப்பா அதுல ரொம்ப கறார். என்னை "சாமி", என் வொய்ஃபை "மாளிகைபுரம்", என் பையனை "மணிகண்டா". நாங்களும் அவரை சாமின்னுதான் சொல்லணும், வாய் தவறி அப்பான்னு சொன்னா திரும்பிக்கூட பாக்கமாட்டார்.

வியாழக்கிழமை காலைல அஞ்சரை மணி இருக்கும், வொய்ஃப் வந்து என்னை உலுக்குறா. "ஏங்க எழுந்திரிங்க, மாமா உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாரு."

எனக்கு தூக்கக் கலக்கத்துல புரியல, கூப்பிட்டா கூப்பிடட்டுமேன்னு நினைச்சேன். அப்புறம்தான் சுருக்னு இருந்துச்சு.

போய்ப் பார்த்தா பூஜை படத்துக்கு முன்னாடி சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கார். விளக்கு எரியுது. ஈரத் துண்டு இன்னும் தோள்ல, அதுலருந்து சொட்டி டைல்ஸ்ல சின்னதா குட்டை கட்டி நிக்குது, அதுலயே உக்காந்திருக்கார். தலைக்கு மேல ஃபேன் 3-ல ஓடுது, எங்க வீட்ல ஊட்டி ஆனாலும் ஃபேன் ஓடணும், இல்லன்னா கொசு தூக்கிட்டுப் போயிடும். என்னைப் பார்த்து "டேய் பாபு, சைரன் ஊதிட்டான்டா, என் சட்டைய எங்கடா வச்சா உங்கம்மா"ங்குறார். ரிட்டயர் ஆகி 11 வருஷம். அம்மா போயி 4 வருஷம். பேச்சு வேற குடிச்சவர் மாதிரி இழுக்குது, அவர் வாழ்க்கையில பீர் கூட தொட்டதில்ல.

நடுங்கினாரான்னா, இல்ல. அதான் எங்களை ஏமாத்துச்சு. குளிர்னா பல்லு கிட்டணும், உடம்பு ஆடணும்னு நினைச்சுக்கிட்டிருந்தோம். கையைத் தொட்டா ஃப்ரிட்ஜ்லருந்து எடுத்த வெண்டைக்கா மாதிரி இருக்கு. சரி கை அப்படித்தான் இருக்கும்னு சட்டென்னு வயித்துல கை வச்சேன், அங்கயும் சூடு இல்ல. கொரோனா சமயத்துல வாங்கின தெர்மாமீட்டர் 94.6 காட்டுச்சு. பேட்டரி போச்சு போலன்னு அதைக் கழுவி என் வாயில வச்சுப் பார்த்தேன், 98.2. பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சு.

கீழ் வீட்டு அக்கா தைலம் எடுத்துட்டு வந்து உள்ளங்கால் பரபரன்னு தேய்க்க ஆரம்பிச்சாங்க, எதிர் வீட்டு பாட்டி கும்முட்டி அடுப்புல கரி போட்டு ரூமுக்குள்ள வச்சு கதவைச் சாத்துன்னாங்க. ரெண்டுமே பாசத்துல சொன்னதுதான். நல்ல நேரம், மூணாவது மாடியில ஒரு பொண்ணு நர்ஸா இருக்கு, நைட் ட்யூட்டி முடிச்சு அப்பதான் படியேறி வந்துச்சு. வந்த உடனே மூணு விஷயம் செஞ்சுச்சு. ஃபேனை நிறுத்திட்டு ஈரத் துணியைக் கழட்டி காஞ்ச துணி மாத்தி, நெஞ்சு, வயிறு, தலை மொதல்ல மூடச் சொல்லிச்சு, கை கால் அப்புறம். தேய்க்கிறதை நிறுத்துங்கக்கான்னு சொல்லிச்சு. அப்புறம் தன் வீட்லருந்து மெஷின் கொண்டு வந்து சுகர் பார்த்துச்சு, 58. முழுங்குறாரான்னு ஒரு வாய் தண்ணி கொடுத்து பார்த்துட்டு, சர்க்கரை கரைச்ச வெதுவெதுப்பான தண்ணி கொஞ்சம் கொஞ்சமா. கால் மணி நேரத்துல என்னைப் பார்த்து "என்ன சாமி எல்லாரும் நிக்கிறீங்க"ன்னார். அந்த "சாமி"யைக் கேட்டு என் வொய்ஃப் அழுதுட்டா.

ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரி போனோம், ஒரு நாள் வச்சிருந்து அனுப்பிட்டாங்க. "அது சுகர் கம்மியானதால வந்தது, குளிர்னால இல்ல"ன்னு இங்க யாராவது எழுதுவீங்க, தெரியும். டாக்டர்கிட்ட நானும் அதையேதான் கேட்டேன். ரெண்டும் சேர்ந்துதான்னார். சுகர் இறங்கினா உடம்புக்கு நடுங்கவே தெம்பு இருக்காதாம், நடுங்கினாத்தானே சூடு வரும். 95-க்குக் கீழ போனாலே டேஞ்சர், அதுக்கு பனி பெய்யணும்னு இல்ல, வயசானவங்களுக்கு வீட்டுக்குள்ளயே நடக்கும்னார். தைராய்டு கம்மியா இருக்கிறவங்க, பிரஷருக்கு சில மாத்திரை சாப்பிடுறவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணுமாம்.

அதனால உங்க அம்மாகிட்ட "குளிருதா"ன்னு கேக்காதீங்க, இல்லன்னுதான் சொல்லுவாங்க, அந்தத் தலைமுறையே அப்படி. வயித்துல கை வச்சுப் பாருங்க. பேச்சு குழறுதா, சம்பந்தமில்லாம பேசுறாங்களா, ரொம்ப தூங்கி வழியுறாங்களான்னு பாருங்க. அப்படின்னா கஷாயம் வைக்கிறேன்னு நிக்காம 108-க்கு போன் போடுங்க.

அப்புறம் நாங்க வீட்ல என்ன மாத்தினோம்னா, மெயினா தரை. டைல்ஸும் பாயும் ஒரே சூட்டுலதான் இருக்கும், ஆனா டைல்ஸ் உடம்புச் சூட்டை சட்டுனு உறிஞ்சிடும், அதான் ஜில்லுங்குது. மேல எத்தனை போர்வை போத்தினாலும் கீழ வழியா போயிட்டே இருக்கும். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரிச்சு கீழ போட்டு, அது மேல சமுக்காளம், அது மேல பாய். விரதமும் கெடல, முதுகும் ஜில்லுனு ஆகல.

தண்ணி: ராத்திரி பூரா மாடி டேங்க்ல கிடந்த தண்ணியில காலைல குளிக்காதீங்க. போர்வெல் இருந்தா ஒரு அஞ்சு நிமிஷம் ஓட விட்டு நேரா புடிங்க, பூமிக்குள்ளருந்து வர்றது வெதுவெதுன்னு இருக்கும். குருசாமிகிட்ட வெந்நீர் பத்தி நான் தயங்கித் தயங்கி கேட்டேன், "சாமி, ஐயப்பனுக்கு பக்தன் உசுரோட மலைக்கு வரணும், அவ்ளோதான்"னுட்டார். அப்பா அதுக்கப்புறம் வெந்நீர்லதான் குளிச்சார், முகத்தை மட்டும் தூக்கி வச்சுக்கிட்டு.

ஈரத் துணியை ஹால்ல கொடி கட்டி ஃபேன் போட்டு காய வைக்கிறது எல்லா வீட்லயும் நடக்கும், ஆனா அது காயக் காய வீடே இன்னும் ஜில்லிட்டுப் போகும். வயசானவங்க படுக்கிற ரூம்லயாவது வேணாம். ஃபேனை நிறுத்துனா கொசுன்னா கொசுவலை கட்டுங்க. சுகர் இருக்கிறவங்க காலுக்கு ஹாட் பேக் நேரா வைக்காதீங்க, கால் மரத்திருக்கும், வெந்தாலும் தெரியாது. கும்முட்டி அடுப்பு, கரி, இதெல்லாம் மூடின ரூமுக்குள்ள வேணவே வேணாம், கொடைக்கானல், ஊட்டியில ரூமுக்குள்ள கரி வச்சுட்டுத் தூங்கினவங்க எழுந்திரிக்காமயே போயிருக்காங்க, கரியிலருந்து வர்ற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கூட இருக்காது. ஏசி ரிமோட்ல சூரியன் படம் போட்டிருக்கேன்னு என் மச்சான் அரை மணி நேரம் அமுக்கிட்டிருந்தான், நம்ம ஊர்ல விக்கிற ஏசி முக்காவாசி குளிர மட்டும்தான் வைக்கும், சூரியன் சும்மா படத்துக்கு. மிளகு ரசம், சுக்குமல்லி காபி தாராளமா குடிங்க, தொண்டைக்கு இதமா இருக்கும், ஆனா அதுவே வைத்தியம்னு நினைச்சுடாதீங்க.

ஹீட்டர் ஏன் வேணாம்னு சொன்னேன்னா, 2000 வாட்ஸ் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட். ராத்திரி 8 மணி நேரம்னா 16 யூனிட். நம்ம வீட்ல வென்டிலேட்டர் வழியா பாதி சூடு தெருவுக்குப் போயிடும். சொந்த வீடுன்னா ஏதோ பண்ணிக்கோங்க. என்னை மாதிரி வாடகைன்னா? ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீன்னு கவர்மெண்ட் 2016-லருந்து தருது, நான் அதைக் கண்ணால கூடப் பார்த்ததில்ல. எங்க ஹவுஸ் ஓனர் சப் மீட்டர் வச்சு யூனிட்டுக்கு 9 ரூபா வாங்குறார், மொத யூனிட்லருந்தே. ஈபி கார்டு நகல் கேட்டா "நம்பிக்கை இல்லன்னா வேற வீடு பாருங்க". கீசர் மாட்டிக்கிறேன்னு கேட்டதுக்கு ஒயரிங் தாங்காதுன்னார், அவர் வீட்ல ரெண்டு கீசர் ஓடுது, அதே ஒயரிங். 4 வருஷமா கேஸ் அடுப்புல அண்டா வச்சு வெந்நீர் போட்டு, தூக்கிட்டுப் போய் ஊத்தி, ஒரு தடவை வொய்ஃப் கால்ல கொட்டிக்கிட்டா. வாடகை மட்டும் வருஷா வருஷம் கரெக்டா ஏறுது. சரி, அது தனிக் கதை, கேள்வி அது இல்ல.

அப்பா மறுவருஷம் 18-வது மலைக்கும் போயிட்டு வந்தார், 18-வது வருஷத்து வழக்கப்படி தென்னங்கன்று எடுத்துட்டு. மாலை போட்ட அன்னிக்கே மாத்திரையை எப்படிக் குறைக்கிறதுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டோம், நாங்களா குறைக்கல.

உங்க அம்மா கட்டில்ல படுக்கிறாங்களா தரையிலயான்னு நீங்க சொல்லல. தரைன்னா இன்னிக்கு ராத்திரியே அந்த அட்டையைப் போட்டுடுங்க, பக்கத்துல மளிகைக் கடையில கேட்டா சும்மாவே குடுப்பாங்க.