கப்பலூர் ஷெட்டில் எந்தக் கதவுக்கு எந்தப் பூட்டு?

கேள்வி: மதுரை கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் மோல்டிங் யூனிட் நடத்துகிறேன். 22 பேர் வேலை பார்க்கிறார்கள். கரண்ட் பேனல், டூல்ஸ் கப்போர்டு, டை (ரப்பரை வடிவமாக்குகிற அச்சு) வைக்கிற பீரோ, ஆட்களின் லாக்கர், ஆபீஸ் கதவு எல்லாவற்றுக்கும் போன வருஷம் ஒரே கடையில் பூட்டு வாங்கிப் போட்டேன். இப்போது பாதிப் பூட்டு சாவியோடு சேர்ந்து சுற்றுகிறது, மீதி இறுகிப் போய்விட்டது. ஒருத்தர் லாக்கர் சாவி இன்னொருத்தர் லாக்கரைத் திறக்கிறது. முன்பக்கம் ஷட்டர். ராத்திரி ஷிஃப்டில் சரக்கு வெளியே போகாமல் இருக்கப் பின்கதவை வெளியே பூட்டிவிடுவோம். எல்லாவற்றையும் தூக்கிவிட்டு டிஜிட்டல் பூட்டாகப் போட்டுவிடலாமா?

பதில்: மற்றதெல்லாம் பொறுமையாகப் பேசலாம். முதலில் அந்தப் பின்கதவு. இன்றைக்கு ராத்திரி ஷிஃப்ட் தொடங்குவதற்குள் அந்தப் பூட்டைக் கழற்றிவிடுங்கள்.

1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற சட்டை தைக்கும் ஆலை தீப்பிடித்தது. 146 பேர் இறந்தார்கள். வெளியேறும் கதவு ஒன்று பூட்டிக் கிடந்தது. காரணம் நீங்கள் எழுதியிருக்கிற அதே காரணம்தான், சரக்கு வெளியே போகக் கூடாது. அங்கே எரிந்தது துணி. உங்களிடம் இருப்பது ரப்பர். ஒரு பழைய டயர் எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் புகை ஷெட்டுக்குள் சூழ்ந்தால் கதவு எந்தப் பக்கம் என்றே தெரியாது, சாவி வைத்திருப்பவர் எங்கே என்று தேட நேரமும் இருக்காது.

அந்தக் கதவுக்கு உரியது பேனிக் பார். கதவின் உள்பக்கம் இடுப்பு உயரத்தில் குறுக்கே ஒரு கம்பி இருக்கும். உடம்பால் மோதினாலே போதும், பூட்டு நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டு கதவு வெளிப்பக்கமாகத் திறந்துவிடும். வெளியே இருந்து வருகிறவருக்குச் சாவி வேண்டும், உள்ளே இருப்பவருக்கு எதுவும் வேண்டாம். சரக்குத் திருட்டுதான் கவலை என்றால் கதவு திறந்தால் அலறுகிற ஒரு சின்ன பேட்டரி அலாரத்தை மேலே மாட்டுங்கள். திருடுகிறவனுக்கு அந்தச் சத்தமே பெரிய தடை.

இனி உங்கள் கேள்வி. பூட்டு வாங்கப் போகிறவர்கள் "நல்ல பூட்டா கொடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். யாரைத் தடுக்கப் போகிறோம் என்று யாரும் யோசிப்பதில்லை. டை பீரோவில் தடுக்க வேண்டியது திருடனை. கரண்ட் பேனலில் தடுக்க வேண்டியது விவரம் தெரியாத கையையும் தூசியையும். லாக்கரில் பக்கத்து ஆளின் ஆசையை. மூன்றும் வேறு வேறு வேலை. நீங்கள் மூன்றுக்கும் ஒரே மேசை டிராயர் பூட்டைப் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கடையில் மல்டி பர்ப்பஸ் லாக் என்று கொடுத்திருப்பார்கள், அல்லது கேம் லாக் என்று.

கேம் லாக் மோசமான பூட்டு இல்லை. ஒரு உருளை, அதன் பின்னால் திருகியிருக்கிற ஒரு தகட்டு நாக்கு, அவ்வளவுதான். சாவியைக் கால் சுற்று திருப்பினால் நாக்கு சட்டத்துக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். டூல்ஸ் கப்போர்டுக்கு அதுவே தாராளம். உங்களுடையது சாவியோடு சேர்ந்து சுற்றுகிறது என்கிறீர்களே, அது பூட்டின் குற்றம் இல்லை, ஓட்டையின் குற்றம். ஒன்றைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். உருளை முழு வட்டமாக இருக்காது, இரண்டு பக்கமும் சீவி மட்டமாக இருக்கும். பெரும்பாலும் குறுக்களவு 19 மி.மீ., மட்டமான பக்கங்களுக்கு இடையே 16 மி.மீ. கதவில் போடுகிற ஓட்டையும் அதே வடிவத்தில் இருந்தால்தான் பூட்டு அசையாமல் நிற்கும். நம் ஃபேப்ரிகேஷன் ஆட்கள் கையில் இருக்கிற ட்ரில் பிட்டால் முழு வட்டமாகப் போட்டுவிட்டு நட்டை இறுக்கிக் கொடுத்துவிடுவார்கள். நட்டு இறுகியிருக்கிற வரை ஓடும். ஆறு மாதத்தில் நட்டு தளர்ந்ததும் சாவியைத் திருப்பினால் பூட்டே திரும்பும். புதுப் பூட்டு போட்டாலும் இதே கதைதான். ஓட்டைக்குப் பின்னால் சரியான வடிவத்தில் வெட்டிய ஒரு இரும்புத் தகட்டை வெல்டு வைத்துவிட்டால் பழைய பூட்டே நிற்கும்.

உருளையின் நீளத்தையும் பாருங்கள். 18 மி.மீ. பிளைவுட்டுக்குச் செய்த பூட்டை 1 மி.மீ. தகட்டுக் கதவில் மாட்டினால் நாக்கு சட்டத்தை விட்டுத் தள்ளிப் போய் நிற்கும், கதவு லொடலொடவென்று ஆடும். அந்த ஆட்டத்தில்தான் நாக்கு வளைகிறது.

இறுகிப் போன பாதிக்கு வருகிறேன். உங்கள் தொழிலில் ரப்பரில் கலக்கிற கரித்தூள், அதாவது கார்பன் பிளாக், இல்லாமல் இருக்காது. மாவை விட நைசான தூள், சாவித் துவாரம் வழியாகத் தானாகவே உள்ளே போய்விடும். அதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. சாவி பிடிக்கிறது என்றதும் யாராவது தேங்காய் எண்ணெய் விட்டிருப்பார்கள், இல்லை மெஷின் ஆயிலை. தூளும் எண்ணெயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மிக்சிங் மில்லில் தினமும் பார்க்கிறீர்கள். போன மாதம் இதே மாதிரி ஒரு பூட்டைப் பிரித்தேன். உள்ளே இருக்கிற பித்தளைத் தகடுகள் தார் போட்டு ஒட்டின மாதிரி ஒரே கட்டியாக இருந்தன. ஸ்பிரிங் ஒன்றுகூட எழும்பவில்லை. மண்ணெண்ணெயில் ஊற வைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்த பிறகுதான் உயிர் வந்தது.

அதனால் பூட்டுக்கு எண்ணெய் வேண்டாம். உங்களிடம் கம்ப்ரஸர் இருக்கிறது, மாதம் ஒரு தடவை சாவித் துவாரத்தில் காற்றடியுங்கள். பிறகு கொஞ்சம் கிராஃபைட் பவுடர். அது கிடைக்காவிட்டால் பென்சில் முனையைச் சாவியின் பல்லில் நன்றாகத் தேய்த்து நாலைந்து தடவை உள்ளே விட்டு எடுங்கள். புதிதாக வாங்குவதில் சாவித் துவாரத்துக்குச் சின்ன மூடி உள்ளதாகக் கேளுங்கள்.

கரண்ட் பேனலுக்குச் சாவிப் பூட்டே வேண்டாம். கால் சுற்றுப் பேனல் லாக்கில் முக்கோணமோ சதுரமோ, நடுவில் முளை வைத்த இரட்டைப் பல் துவாரமோ இருக்கும். அதற்கான சாவி எந்த எலெக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். "அப்படியென்றால் யார் வேண்டுமானாலும் திறப்பார்களே" என்று கேட்பீர்கள். திறக்கட்டும். அந்தப் பூட்டின் வேலை திருடனைத் தடுப்பது இல்லை. கருவி இல்லாத கை பேனலுக்குள் போகக் கூடாது, கதவு ரப்பர் காஸ்கெட்டை ஒரே சீராக அழுத்திப் பிடிக்க வேண்டும், இவ்வளவுதான். கார்பன் பிளாக் மின்சாரத்தைக் கடத்தும், அது பஸ்பார் மேல், அதாவது பேனலுக்குள் கரண்ட் ஓடுகிற உலோகப் பட்டை மேல், படியவே கூடாது. ஆகவே பேனலும் பூட்டும் ஐபி 65 என்று இருக்கட்டும். தூசியும் தண்ணீரும் எவ்வளவு நுழையும் என்று சொல்கிற தரக் குறியீடு அது. அதில் முதல் எண் 6 என்றால் தூசி அறவே நுழையாது, அந்த முதல் எண்ணே 5 என்றால் கொஞ்சம் நுழையும். பேனல் ஆள் உயரம் என்றால் நடுவில் ஒரு பூட்டு மட்டும் போதாது, கதவின் மேல் மூலை அகன்று காஸ்கெட்டில் இடைவெளி விழும். மேலும் கீழும் கம்பி ஓடுகிற மூன்று முனைப் பூட்டு வேண்டும்.

பேனலில் சாவிப் பூட்டுக்கு ஒரே ஓர் இடம் உண்டு, மெயின் ஐசொலேட்டர், அதாவது மெஷினுக்குப் போகிற கரண்டை மொத்தமாகத் துண்டிக்கிற சுவிட்சின் கைப்பிடி. பிரஸ்ஸுக்குள் கைவிட்டு வேலை பார்க்கிற ஃபிட்டர் சுவிட்சை ஆஃப் செய்து, தன் சொந்தப் பூட்டை அதில் மாட்டி, சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். இரண்டு பேர் வேலை பார்த்தால் இரண்டு பூட்டு. அதற்கென்றே ஆறு ஓட்டை உள்ள கொண்டி கிடைக்கிறது. கடைசி ஆள் தன் பூட்டை எடுக்கிற வரை மெஷினுக்குக் கரண்ட் போகாது. இந்தப் பூட்டுக்கு மாற்றுச் சாவி ஆபீஸில் இருக்கவே கூடாது. முதலாளியிடமும் கூடாது.

டை பீரோவில்தான் பணத்தைப் போட வேண்டும். உங்கள் வீட்டுப் பீரோவை நினைத்துப் பாருங்கள். கைப்பிடியைத் திருப்பினால் மேலே, கீழே, பக்கவாட்டில் என்று மூன்று இடத்தில் கம்பி போய் மாட்டும். அதே அமைப்புதான் வேண்டும், கைப்பிடியைச் சாவி பூட்ட வேண்டும். அந்தப் பூட்டு லீவர் பூட்டாக இருக்கட்டும். தகடு தகடாக அடுக்கிய லீவர்களை ஒவ்வொன்றையும் அதனதன் உயரத்துக்குச் சாவி தூக்க வேண்டும். குறைவாகத் தூக்கினாலும் திறக்காது, கூடுதலாகத் தூக்கினாலும் திறக்காது. 1778-இல் ராபர்ட் பேரன் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த தந்திரம் இது. நமக்கு அதற்கு இங்கிலாந்து போக வேண்டாம், பக்கத்தில் திண்டுக்கல் இருக்கிறது. லீவரை அரத்தால் ராவி ஒவ்வொரு பூட்டுக்கும் தனிச் சாவி வைக்கிற கைகள் அங்கே இன்னும் இருக்கின்றன. 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் திண்டுக்கல் பூட்டு என்று சொல்லி விற்பதெல்லாம் அங்கே செய்தது இல்லை. தெரிந்த கடையில் வாங்குங்கள்.

ஷட்டரில் எல்லாரும் பக்கப் பூட்டையே நம்புகிறார்கள். இரண்டு ஓரத்திலும் நாக்கு சேனலுக்குள் போய் உட்காரும், சரிதான். ஆனால் திருடன் ஓரத்துக்கு வருவதில்லை. நடுவில் ஜாக்கியைக் கொடுத்துத் தூக்குகிறான். அகலமான ஷட்டர் நடுவில் வில் மாதிரி வளைந்து ஆள் நுழைய இடம் விடும். அதனால் நடுவில் தரையோடு ஒரு பூட்டு அவசியம், அது மாட்டுகிற கொக்கி கான்கிரீட்டுக்குள் ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும். பூட்டு வளையம் 10 மி.மீ. கனத்துக்குக் குறையாமல், கடினமாக்கிய எஃகாக இருக்கட்டும். வளையம் வெளியே தெரிகிற அளவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, கடப்பாரை நுழைய இடமிருக்காது.

1851-இல் லண்டன் கண்காட்சியின்போது ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், திறக்கவே முடியாது என்று சவால் விட்டு வைத்திருந்த பிராமா பூட்டைத் திறந்து காட்டினார். 16 நாளில் மொத்தம் 51 மணி நேரம் ஆனது. நம் ஊர்த் திருடனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அவன் பூட்டைத் தொடுவதே இல்லை, நாதாங்கியை நெம்புகிறான். பெரிய விலைப் பூட்டை, இரண்டு மரத் திருகில் தொங்குகிற நாதாங்கியில் மாட்டியிருப்பதை எத்தனை குடோனில் பார்த்திருக்கிறேன்! கொண்டியும் நாதாங்கியும் உள்பக்கம் நட்டு போட்ட போல்ட்டில் நிற்க வேண்டும், பூட்டின பிறகு போல்ட் தலை வெளியே தெரியக் கூடாது.

லாக்கருக்குப் பெரிய யோசனை தேவையில்லை. மலிவான கேம் லாக்குகளில் சாவி வகை குறைவு, ஒரே பெட்டியில் வாங்கினால் இரண்டு மூன்று ஒத்துப்போவது சகஜம். லாக்கரில் வெறும் கொண்டியை மட்டும் வையுங்கள், பூட்டை அவரவர் கொண்டுவரட்டும். சாவி தொலைந்தால் அவர் பாடு. இருக்கிற பூட்டையே வைத்துக்கொள்வதாக இருந்தால் முகத்தில் பொறித்திருக்கிற எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு அரத்தால் ராவிவிடுங்கள். அது சாவியின் எண். அதைச் சொன்னால் எவருக்கும் சாவி கிடைக்கும்.

டிஜிட்டல்? ஆபீஸ் கதவு ஒன்றுக்கு மட்டும் போடுங்கள். காந்தப் பூட்டு என்கிற வகை சுமார் 270 கிலோ இழுவையைத் தாங்கும், ஆனால் கரண்ட் இருக்கும் வரைதான். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்துகிற நாளில் பேட்டரியும் காலியாகிவிட்டால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். ஆட்கள் வந்து போகிற கதவுக்கு அந்தக் குணம் நல்லது, தீ நேரத்தில் உதவும். டை பீரோவுக்கு அதுவே ஆபத்து. கைரேகை வகையும் உங்களுக்கு ஒத்துவராது. ஷிஃப்ட் முடிந்து கார்பன் அப்பிய விரலை வைத்தால் மெஷின் முழிக்கும்.

ஆபீஸ் கதவுக்குச் சாவிப் பூட்டே போதும் என்றால் கதவுக்குள் புதைத்து மாட்டுகிற, சிலிண்டர் (சாவி நுழைகிற உருளை) மாற்றக்கூடிய மார்டைஸ் பூட்டாக வாங்குங்கள். சூபர்வைசர் வேலையை விட்டுப் போகிறாரா, ஓரத்தில் ஒரு திருகைக் கழற்றி சிலிண்டரை மட்டும் மாற்றினால் பழைய சாவி செல்லாது. பல பூட்டையும் திறக்கிற ஒரே மாஸ்டர் சாவி வேண்டுமென்றால் ஆபீஸ், ஸ்டோர், டூல்ஸ் கப்போர்டு இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டை பீரோ அந்தக் கொத்தில் சேரக் கூடாது, அதன் இரண்டாவது சாவி வீட்டில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். பின்கதவு முதல், பிறகு பேனல், அப்புறம் ஷட்டரின் நடுப் பூட்டு. கடைக்குப் போகும்போது பழைய பூட்டைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். கதவுத் தகட்டின் கனம், கதவு விளிம்பிலிருந்து ஓட்டையின் நடுப்புள்ளி வரை உள்ள தூரம், நாக்கின் நீளம் இந்த மூன்றையும் அளந்து சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நாக்கு நேராக இருக்கிறதா, கொக்கி போல் வளைந்திருக்கிறதா என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். அதை மறந்துவிட்டுத்தான் பெரும்பாலும் இரண்டாம் தடவை கப்பலூரிலிருந்து டவுனுக்கு வண்டியை எடுக்க வேண்டியிருக்கிறது.